குமிழிக்குக் காவல்

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் கொல்லிமலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். மலைக்காரர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் காலையில், மலையிலேயே குண்டூர் நாடு என்ற பகுதியைச் சேர்ந்த பெண் ஒருத்திக்கு மாதம் நிறையாமலே ஆண் குழந்தை பிறந்தது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் நெஞ்சுக்குழி உள்ளே போனது. கூடவே ஒரு முனகல். கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்றால், அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் அது தாங்காது. அப்படி அனுப்பிய குழந்தை ஒன்று பாதி மலையிலேயே அடங்கிப்போய், அதே ஜீப்பில் திரும்பி வந்ததைப் பார்த்தவள் நான்.

எங்களிடம் பெரிய மெஷின் கிடையாது. டாக்டர் வெளியூரில் கற்றுவந்த ஏற்பாடு ஒன்றுதான் இருந்தது. ஆக்ஸிஜன் சிலிண்டரிலிருந்து ஒரு குழாய் குழந்தையின் மூக்குக்கு வரும். மூக்கிலிருந்து இன்னொரு குழாய் கிளம்பி ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் முங்கி நிற்கும். தண்ணீரில் குமிழி வந்துகொண்டே இருந்தால், நுரையீரல் சுருங்கிவிடாமல் காற்று தாங்கிப் பிடிக்கிறது என்று அர்த்தம். நின்றால் எங்கோ காற்று ஒழுகுகிறது.

மதியத்துக்குள் முனகல் குறைந்தது. பக்கத்து வார்டில் ஒருவருக்கு ஊசி போட்டுவிட்டு வந்தேன். பாட்டிலில் ஒரு குமிழிகூட இல்லை. சிலிண்டரைப் பார்த்தேன், குழாய்களைப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தன. அப்புறம்தான் குழந்தையைப் பார்த்தேன். அதன் அத்தை, அப்பாவின் அக்கா, ஒரு விரலால் குழந்தையின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, மறு கையில் சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தோடு நின்றாள். பிறந்த குழந்தைக்கு முதல் இனிப்பாகச் சேனை வைக்கிறாளாம்! திறந்த வாய் வழியாகக் காற்றெல்லாம் போய்க்கொண்டிருந்தது.

"கொல்லப் பாக்கறீங்களா?" என்று கையைத் தட்டிவிட்டு, குழந்தையின் முகவாயைத் தாங்கி வாயை மூடினேன். குமிழி திரும்ப வந்தது.

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "பொழைக்காதுன்னு நெனச்சுட்டனுங்க சிஸ்டரு. போறதுன்னாலும் எங்க கையால ஒரு சொட்டு வாங்கிக்கிட்டுப் போகட்டும்னுதானுங்க..." என்றாள்.

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. "அந்தக் குமிழி நிக்காம நீங்களே பாத்துக்கங்க" என்று சொல்லி, முகவாயைத் தாங்கக் கற்றுக்கொடுத்தேன்.

அதோடு என் அதிகாரம் போயிற்று. துணி மாற்றக் குழந்தையைத் திருப்பினால்கூட, "ஏனுங்க சிஸ்டரு, குமுளி நின்னுபோச்சு, கைய எடுங்க!" என்று என்னையே அதட்டினாள். நானும் எடுத்தேன்.

மூன்றாம் நாள் காலை டாக்டர் மூக்குக் குழாயைக் கழற்றினார். பாட்டில் அடங்கியது. "ஐயோ, நின்னுபோச்சுங்களே!" என்று அத்தை பதறி எழுந்தாள். டாக்டர் குழந்தையின் நெஞ்சைக் காட்டினார். ஏறியது, இறங்கியது. நெஞ்சுக்குழி உள்ளே போகவில்லை. நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டே நிற்க, குழந்தை முகம் சிவந்து வீறிட்டு அழுதது. அப்பாடா என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று நாளாக வாயே திறக்காமல் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த தாய் மெல்ல இந்தப் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க சிஸ்டரு, இனி நான் தூக்கலாமுங்களா?"