கொல்லை மாமரத்துக் காளான்

மசக்கையில் எனக்குத் தண்ணீர்கூடத் தங்கவில்லை. சோறு கொதிக்கிற வாசம் பட்டாலே குமட்டிக்கொண்டு கொல்லைக்கு ஓடுவேன். முதலில் உண்டானது மூன்றாம் மாதமே கலைந்துபோயிருந்தது. இதுவும் போய்விடுமோ என்ற பயம் எனக்கும் மாமியாருக்கும் ஒன்றுபோல இருந்தது. மற்ற எதிலும் எங்கள் இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

ஐப்பசி அடைமழை விட்ட ஒரு காலையில் அப்படி ஓடியவள், எதற்கு ஓடினேன் என்பதையே மறந்து நின்றேன். அம்மாடி! பட்டுப்போய், விறகுக்கென்று விட்டுவைத்திருந்த மாமரம் அடியிலிருந்து கவை வரைக்கும் வெள்ளைவெளேரென்று பூத்திருந்தது. அத்தனையும் காளான். உள்ளங்கை அகலத்தில், ஓரம் சுருண்டு, அடுக்கடுக்காக. முந்தின நாள் பொழுதடையப் பார்த்தபோது வெறும் பட்டைதான் இருந்தது. உயிரே இல்லாத கட்டை இத்தனையை எங்கிருந்து எடுத்தது! கிட்டப் போய் மோந்தேன். குமட்டவில்லை. பசித்தது. வாரக்கணக்கில் வராத பசி.

அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஆத்தாடி, மரத்துக் காளானா? வெசமுல்ல!"

எங்கள் அனுமந்தன்பட்டியில் புற்றுக்காளானுக்குச் சண்டையே வரும். மரத்தில் முளைத்ததை யாரும் தொட மாட்டார்கள். குமுளியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் வந்து, ஒன்றைக் கிள்ளித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல கூணாக்கும். எங்க வீட்ல மழைக்கு மழை இதுதான் கறி," என்றார். மலையாளத்தில் கூண் என்றால் காளான்.

அத்தை என் முகத்தைப் பார்த்தார். பிறகு முந்தானையில் பறித்துக்கொண்டு உள்ளே போனார். மிளகும் சின்ன வெங்காயமும் தட்டிப்போட்டு வதக்கினார். நான் தட்டோடு உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் போடாமல், தானே ஒரு கிண்ணம் நிறைய அள்ளிவைத்து வழித்துத் தின்றார்.

"பொழுதடையட்டும். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா நீ தின்னு."

திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர், அத்தை தின்றதைக் கேட்டுப் பதறிவிட்டார். "ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? இரு, டெலிபோன் பூத்துக்குப் போயி ஆட்டோவுக்குப் போன் போடுறேன்."

"ஏலே, நான் செத்தா ஒத்த உசுரு. அவ தின்னு செத்தா ரெண்டு. ஆட்டோவும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். போயி மேலுக்குத் தண்ணி ஊத்து."

பகல் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தேன். அத்தை கண்ணை மூடினால் போதும், உலுக்கி எழுப்பிவிடுவேன். "உசுரோடதான்டி இருக்கேன், செத்த நேரம் தூங்க விடு!" என்று வைவார்.

பொழுது சாய, மீதியைச் சூடாக்கிச் சோற்றோடு வைத்தார். சாப்பிட்டேன். தங்கியது. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மரத்தில் இன்னும் நிறைய இருந்தது. மறுநாள் நானே வதக்கி இரண்டு பேருக்கும் தட்டு வைத்தேன். அத்தை தன்னுடையதை என் பக்கம் தள்ளினார்.

"எனக்கு வேணாம்த்தா. காளான் வாடையே எனக்கு ஆகாது. நேத்துத் தின்னதுதான் மொதத் தடவ."