கருப்பையாவின் வலக்கை

பெருமாள்மலையில் எங்கள் கொடைக்கானல் பஸ் நிற்கிறது; இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். டீக்கடை ஓரத்தில் கருப்பையா என்பவர், அவர் மனைவி, கம்பளி சுற்றிய மகள். பிள்ளைக்கு உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிறது. அவருடைய வலக்கை விறகுபோல் தொங்குகிறது. எஸ்டேட் கம்பவுண்டர் தப்பாகப் போட்ட ஊசியாம்.

"கேஸ் போடலையாண்ணே?" எனக்குப் பொறுக்கவில்லை.

"மன்னிச்சாச்சு தம்பி. கேஸ் போட்டா கை வந்துருமா?"

"நான் பஹாய் மதங்க. நீங்க மன்னிக்கலாம், கோர்ட்டு மன்னிக்கக் கூடாதும்போம் நாங்க. விட்டா அந்த ஆளு நாளைக்கு இன்னொருத்தருக்கும் போடுவாரே."

"அப்ப வக்கீல் பீஸையும் நீங்களே குடுத்துருங்க" என்று சிரிக்கிறார்.

பழனி முருகனுக்கு நேர்ந்துகொண்டு, காய்ச்சல் பிள்ளையோடு நடந்தே மலையிறங்கப் போகிறார்களாம்.

"சாமி கும்பிடுங்க, வேண்டாங்கல. நாங்களும் பிரார்த்தனை பண்ணுவோம், நல்ல டாக்டரையும் பாப்போம். இந்த பஸ்லயே கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு வாங்க. நான் கூடவே இருக்கேன்."

அவர் மனைவி பிள்ளையோடு எழுந்து வருகிறாள். பஸ் படியில் ஒரு கால் வைத்தபின் கேட்கிறாள்: "அங்கயும் ஊசி போடுவாகளா தம்பி?"

எனக்குப் பொய் வரவில்லை. "போடுவாங்கக்கா."

காலைக் கீழே இறக்கிக்கொள்கிறாள். பஸ் கிளம்பும்போது பழனிக்கு இறங்கும் பாதையில் அவள்தான் முன்னால் நடக்கிறாள்.