திரைக்குக் கீழே இருந்த வரி

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சிறுமியாக வந்து, பெரும்பாறையில் காபித் தோட்ட வேலை செய்பவள் நான். எங்களைப் போன்றவர்களுக்காக ஞாயிறுதோறும் கம்ப்யூட்டர் வகுப்பு நடந்தது. எங்கள் பேச்சையே இங்கிலீஷ் எழுத்தில் தட்டச் சொல்லி ஈமெயில் பழக்கினார் செல்வி டீச்சர்.

இலங்கையிலேயே தங்கிவிட்ட அண்ணனின் மகளிடமிருந்து முதல் மெயில் வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். "அப்பா போயிட்டார். அம்மா அழுதுகிட்டே இருக்கிறா." திரை அதோடு முடிந்திருந்தது.

யாரிடமும் சொல்லாமல் எழுந்து வீட்டுக்கு வந்து தலை முழுகினேன். அழுகை வரவில்லை. கணவரிடம், "எங்க அண்ணன் செத்துப்போச்சுங்க" என்றேன். யாரைப் பற்றியோ சொல்வதுபோல இருந்தது. அக்கம்பக்கத்தார் வந்து உட்கார்ந்தார்கள்.

சேதி கேட்டு மறுநாள் வந்த டீச்சர், என்னை வகுப்புக்கு அழைத்துப்போய் மெயிலைத் திறந்தார்.

"அக்கா, மவுஸை உருட்டிக் கீழ வரைக்கும் பாத்தீங்களா?"

"கீழ என்னங்க கெடக்கு?"

அவர் உருட்டினார். "துபாயில் வேலை. போய்ச் சேர்ந்ததும் போனில் கதைச்சார்" என்றிருந்தது.

"உங்க அண்ணன் நல்லா இருக்காருக்கா."

தலையாட்டினேன். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. உடம்பு மட்டும் மரத்தே கிடந்தது. பிறகொரு நாள் அண்ணன் குரலைப் போனில் கேட்டபோதுதான் அழுதேன்.

இப்போது எந்த மெயில் வந்தாலும் முதலில் அடிவரை உருட்டிப் பார்க்கிறேன். நான் எழுதும்போதும், போனவர் எங்கே போனார் என்பதை அதே வரியில் எழுதிவிடுகிறேன்.

— ஒரு வாசகி, பெரும்பாறை