நாலாம் பலகை கருப்புசாமி

கருப்புசாமி எதையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார். கம்பி ஆனாலும் சரி, கதவின் தாழ்ப்பாள் ஆனாலும் சரி, மனைவி தேவம்மா நீட்டுகிற காபித் தம்ளர் ஆனாலும் சரி. உள்ளங்கையால் பிடித்த கம்பியில் மின்சாரம் இருந்தால் விரல்கள் அதையே இறுக்கிக்கொள்ளும். புறங்கை என்றால் உதறித் தள்ளிவிடும். பதினாறு வருஷமாக மைசூர்த் தெருக்களில் விளக்குக் கம்பம் ஏறுகிறவருக்கு இது வேதம். "ஒருக்காப் பாத்துப்போட்டுத் தொட்டா ஒண்ணும் கொறைஞ்சு போயிர மாட்டமுங்க" என்பார். அவரோடு வேலைக்குச் சேர்ந்தவர்களில் இரண்டு பேர் கம்பத்திலேயே போய்விட்டார்கள்.

சொந்த ஊர் மார்டள்ளி. கொள்ளேகாலம் தாலுகா, அதாவது கோயம்புத்தூர் ஜில்லா, மைசூர் சமஸ்தானத்துக்கு வெளியே. மைசூரில் அவருக்குப் பெயர் 'கரெண்ட்டு'. வக்கீல் வீட்டிலும் அப்படித்தான், இட்டிலிக் கடையிலும் அப்படித்தான். ஏ கரெண்ட்டு, மாடியில் விளக்கு எரியவில்லை, வா. ஏ கரெண்ட்டு, செருப்பை வெளியே விடு. இத்தனை பெரிய ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடம் ஒன்றே ஒன்று. மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் வாசகசாலையின் மாடி. ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே குமாஸ்தாக்கள் கூடிச் சதுரங்கம் ஆடுகிறார்கள்.

நாலு வருஷத்துக்கு முன் ஃபியூஸ் போட வந்தவர், ஏணியில் நின்றபடியே ஒரு குமாஸ்தாவின் தோற்கவிருந்த ஆட்டத்துக்கு வழி சொன்னார். அடுத்த வாரம் உட்காரச் சொன்னார்கள். இன்று வாசகசாலையின் சதுரங்கக் குழுவில் நாலாம் பலகை, அதாவது நாலாவது ஆட்டக்காரர் இடம், அவருடையது. ஆடுகிற நாலு பேருக்கு நாலு பிரம்பு நாற்காலி. மற்றவர்கள் சுவரோரம் நின்றுதான் பார்க்க வேண்டும். "கருப்புசாமி, உட்காரும்" என்று காரியதரிசி நரசிம்மமூர்த்தி சொல்லும்போது இவருக்குக் காது மடல் சூடாகும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மீதி ஆறு நாளும் கம்பம் ஏறுகிறார் என்று சொன்னால் அவரே மறுக்க மாட்டார்.

அந்த நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்தது.

கம்பம் ஏறுகிற மாதிரியேதான் அவர் ஆடுவார். ராஜாவைச் சுற்றி வேலி போட்டுவிட்டு, எதிராளி முட்டி மோதி அலுத்துப்போய் டிராவுக்குக் கை நீட்டும் வரை பேசாமல் உட்கார்ந்திருப்பார். தோற்கவே மாட்டார். ஜெயிக்கவும் மாட்டார். போன வருஷம் ஒன்பது பந்தயம், ஒன்பதும் டிரா. மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நரசிம்மமூர்த்தி அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நஞ்சன்கூட்டுக்காரா அடுத்த மாசம் வரா. போன தடவை நம்மள அடிச்சுட்டுப் போனா, ஞாபகம் இருக்கோல்லியோ? இந்தத் தடவையும் நீர் வேலி கட்டிண்டு உக்காந்தா, நாற்காலியைத் தபாலாபீஸ் வேங்கடேசனுக்குக் கொடுத்துடுவேன். நீர் ஜெயிக்கணும். டிரா வேண்டாம். கோச்சுக்கப்படாது."

அவர் கோபமே இல்லாமல் சொன்னார். கருப்புசாமிக்கு அதுதான் பயமாக இருந்தது.

அடித்து ஆடப் பழகுவதற்கு அவர் கண்டுபிடித்த வழியைப் பார்த்து வாசகசாலையே சிரித்தது. ஆட்டம் தொடங்குமுன் தன் குதிரை ஒன்றைப் பலகையிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ஒரு குதிரை குறைந்தவன் வேலி போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் மெல்ல மெல்லச் சாக வேண்டியதுதான். பாய்ந்தால் ஒருவேளை பிழைப்பான். "இல்லாதவனாட்டம் ஆடிப் பழகோணுமுங்க" என்றார். மூன்று வாரம் எல்லாரிடமும் தோற்றார். நேற்று வந்த குமாஸ்தாவிடம்கூடத் தோற்றார். வேங்கடேசன் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

பகலில் கம்பத்தின் மேல் உட்கார்ந்து வாய்க்குள் ஆடுவார். கீழே ஏணி பிடிக்கும் ஜடையனுக்கு அது பெரிய தொந்தரவு. "அண்ணா, யானையக் குடுத்தா என்ன ஆகும்னு மேலிருந்து யாரைக் கேக்கறே? மொதல்ல ஸ்குரூவ முடுக்கிப்போட்டு எறங்கு" என்பான்.

தேவம்மா ஒரு நாள் சோறு போட்டபடியே கேட்டாள்: "தோத்தாத்தான் என்னுங்க, நம்ம சோத்துக்கா கொறை?"

"நாற்காலி போயிருமல்லோ" என்றார்.

மறுநாள் அவருடைய வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் கஞ்சி போட்டு வைத்தாள்.

இதற்கு நடுவில் இன்னொரு சங்கடம். மார்டள்ளிப் பக்கத்துச் சதுரங்கத்தில் ராஜாவுக்கு ஒரு சலுகை உண்டு. ஆட்டத்தில் ஒரே ஒரு முறை அவர் குதிரை மாதிரித் தாவித் தப்பிக்கலாம். அதற்கு முன்னால் ஒரு செக் வாங்கிவிட்டால் சலுகை போச்சு. ஆகவே அந்தப் பக்கத்து ஆட்டக்காரர்கள் கிடைத்த முதல் சந்தர்ப்பத்திலேயே ஒரு செக் கொடுத்துவிடுவார்கள். 'கால ஒடிச்சு வெக்கறது' என்பார்கள். வாசகசாலையில் ஆடுவது இங்கிலீஷ் சட்டம். அதில் ராஜாவுக்குத் தாவலே கிடையாது. கருப்புசாமிக்கு இது நன்றாகத் தெரியும். ஆனாலும் பாய்ச்சல் சூடு பிடிக்கிற நேரத்தில் கை தானாகப் போய் ஒரு வீண் செக் வைத்துவிடும். எதிராளி ஒரு சிப்பாயைக் குறுக்கே தள்ளிவிட்டு மூச்சு விட்டுக்கொள்வான். அதோடு பாய்ச்சலும் படுத்துவிடும்.

"இல்லாத காலை ஏன்காணும் ஒடிக்கறீர்?" என்று நரசிம்மமூர்த்தி தலையில் அடித்துக்கொள்வார்.

பங்குனி முதல் ஞாயிறு நஞ்சன்கூட்டுக்காரர்கள் காலை ரயிலில் வந்து இறங்கினார்கள். நாலாம் பலகையில் எதிரே உட்கார்ந்தவர் மல்லப்பன் என்ற நெல் வியாபாரி. ஐம்பது தாண்டிய வயது, வெற்றிலைச் சிவப்பேறிய உதடு, குழுவில் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. கருப்புசாமி வாயைத் திறந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்க மார்டள்ளியா? எனக்குப் பக்கத்துல ஹனூருங்க. நம்ம பேச்சக் கேட்டு எத்தனை நாளாச்சு போங்க. ஆட்டம் முடிஞ்சாச் சேந்து காபி குடிக்கோணும்."

கருப்புசாமி தலையை மட்டும் ஆட்டினார். சிநேகம் வளர்ந்தால் கை தளர்ந்துவிடும் என்று பயம்.

இரண்டு மணி நேரத்தில் இரண்டாம் பலகையும் மூன்றாம் பலகையும் முடிந்துவிட்டன. நரசிம்மமூர்த்தி ஆடிய முதல் பலகையில் இழுபறி. கூட்டம் முழுக்க அதைச் சுற்றி நின்றது. நாலாம் பலகையைப் பார்க்க ஒருவருமில்லை. அங்கேதான் கருப்புசாமி தன் குதிரையைக் கொண்டுபோய் மல்லப்பனின் ராஜாவுடைய வாசலில் வைத்து, ஒரு சிப்பாய்க்குப் பதிலாகக் கொடுத்தார். மல்லப்பன் வெட்டினார். வேலி பிய்ந்தது. ராஜா திறந்த வெளியில் நின்றார்.

உடனே ஒரு செக் வைக்கலாம். கை எழுந்துவிட்டது. கருப்புசாமி அதை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். ராஜாவுக்கு இனி ஓட இருப்பது மூலைக் கட்டம் ஒன்றுதான். சத்தமில்லாமல் ராணியை ஒரு கட்டம் நகர்த்தி வைத்தார். அடுத்த நகர்த்தலில் கதை முடிந்துவிடும்.

கையை எடுத்த பிறகுதான் ஓட்டையைப் பார்த்தார். மல்லப்பனின் குதிரை ஒன்று தூரத்தில் சும்மா நின்றது. அது ஒரே தாவலில் வீடு திரும்பினால் வாசல் அடைபடும். அப்புறம் கருப்புசாமி கொடுத்த குதிரையும் திரும்பாது, வேலியும் இல்லை. தோல்விதான், வேங்கடேசன் வந்து இந்த நாற்காலியில் உட்காருவான்.

மல்லப்பன் யோசித்தார். பத்து நிமிஷம் ஆயிற்று. அவருடைய விரல் குதிரைக்கு மேலே வந்து நின்றது. தொடாமல் திரும்பிப் போயிற்று. கருப்புசாமி பலகையைப் பார்க்கவில்லை, அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். கஞ்சி போட்ட சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. மின்கம்பியில்கூட இப்படி ஒரு பயத்தை அவர் கண்டதில்லை.

மல்லப்பன் ராஜாவை எடுத்தார். பக்கவாட்டில் இரண்டு கட்டம் தாண்டி ஒரு கட்டம் இறக்கி, வலைக்கு வெளியே வைத்தார். நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"நம்ம ராசாவுக்கு இன்னும் ஒரு செக்குகூட விழலீங்களே" என்றார்.

கள்ளமே இல்லாத முகம். ஒரு வருஷமாக இங்கிலீஷ் சட்டம் ஆடுகிறவர்தான். பதற்றத்தில் கை ஹனூருக்குப் போய்விட்டது. இதே மாடியில், சேர்ந்த முதல் மாதத்தில் கருப்புசாமியும் இப்படித்தான் ராஜாவைத் தாவ வைத்தார். குமாஸ்தாக்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு மாதம் வரை அவர் படியேறும்போதெல்லாம் யாராவது ஒருவர் தவளை மாதிரித் தத்திக் காட்டினார்.

இப்போது குரல் கொடுத்தால் போதும், கூட்டம் திரும்பும். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது இங்கிலீஷ் சட்டம். ராஜா மூலைக்குப் போவார். ராணி போய் முடித்துவிடும். பாவம் என்று பேசாமல் காயைத் திருப்பி எடுக்க விட்டாலோ, மல்லப்பன் இந்த முறை குதிரையைப் பார்த்துவிடுவார்.

முதல் பலகைப் பக்கம் யாரோ சிரித்தார்கள். வேங்கடேசன் இந்தப் பக்கம் திரும்பினான்.

கருப்புசாமி சட்டென்று முன்னால் குனிந்தார். அவருடைய அகன்ற உடம்பு பலகையைக் கூட்டத்திடமிருந்து முழுக்க மறைத்தது. ஒற்றை விரலால் ராஜாவை மெல்ல இழுத்துப் பழைய வீட்டிலேயே நிறுத்தினார்.

"நம்மூருத் தாவல் இங்க இல்லீங்க" என்றார், மல்லப்பனுக்கு மட்டும் கேட்கும்படி.

மல்லப்பனின் முகம் வெளுத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். அவருடைய கை மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி, குதிரையின் பக்கம் நகர்ந்தது.

மல்லப்பன் தொட்ட ராஜாவின் தலைமேல் வைத்த விரலைக் கருப்புசாமி எடுக்கவில்லை.