கி.பி. இரண்டாயிரத்தின் துடைப்பம்

எங்கள் வீட்டுத் தரையைத் துடைக்கும் இயந்திரம் பக்கத்தில் வந்தால் நான் இரண்டு காலையும் தூக்கி வழிவிடுகிறேன். அது தாண்டிப் போனதும் ‘தேங்க்ஸ்’ என்று சொல்லியிருக்கிறேன். ஒருமுறை மேசைக் காலில் அது முட்டிக்கொண்டபோது ‘பார்த்துப் போங்க’ என்றும் சொன்னேன். கட்டிய மனைவியைக்கூட நான் ‘ங்க’ போட்டுப் பேசியதில்லை. யார் காதிலும் விழவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளறைக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்த மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

“அதுக்கு ஒரு காபி போட்டுக் குடுங்களேன்” என்றாள்.

அவள் அம்பத்தூரில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். ஏப்ரலில் ஒருநாள் பாடி மேம்பாலத்தருகே பேருந்திலிருந்து இறங்கும்போது கால் பிசகி, முழங்காலுக்குள் ஜவ்வு கிழிந்து, அறுவை சிகிச்சை வரை போய்விட்டது. “வாக்கர் இல்லாம ஓரடி எடுத்து வைக்கக் கூடாது. தைச்சது விட்டுப்போச்சுன்னா மறுபடியும் முதல்லேருந்து” என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அவளுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். ஜூனில் பள்ளி திறக்கும் நாளில் கைத்தடி இல்லாமல் வகுப்புக்குள் நுழைய வேண்டும். தடியோடு நுழைந்தால் முதல் மணி அடிப்பதற்குள் ஒரு பட்டப்பெயர் தயாராகிவிடும், ஓய்வு பெறும்வரை அது கூடவே வரும் என்பது அவள் கணிப்பு. எட்டாம் வகுப்பை அவள் அறிவாள்.

ஆக, அவள் படுத்திருக்க வேண்டும். அவள் படுத்திருக்க வேண்டுமென்றால் வீடு சுத்தமாக இருக்க வேண்டும். தரையில் தூசி தெரிந்தால் அவளால் கட்டிலில் இருக்க முடியாது. வீட்டு வேலைக்கு வருகிற அம்மா மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். முதல் நாள் நானே பெருக்கினேன். பெருக்கி முடித்தபோது குப்பை குறைந்திருக்கவில்லை, இடம் மாறியிருந்தது. வாக்கரை ஊன்றிக்கொண்டு கூடம் வரை வந்து பார்த்த மனைவி, துடைப்பத்தை நோக்கிக் கை நீட்டினாள். அன்றைக்கே இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன்.

இது நான் வெளியே சொல்லும் காரணம். உள்ளே இன்னொரு காரணம் இருந்தது. அது ஒரு பழைய கார்ட்டூன் கிளப்பிவிட்ட ஆசை.

கொரட்டூரில் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு பழைய பேப்பர் கடை உண்டு. சில வருடங்களுக்கு முன் அங்கே ஒரு பைண்டு புத்தகம் கிடைத்தது. அந்தக் காலத்தில் வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை வாரா வாரம் கிழித்து வைத்து, முடிந்ததும் பைண்டு செய்துகொள்வார்கள் அல்லவா, அந்த வகை. கதை என்னவோ ஜமீன், மர்மம், அருவி என்று போயிற்று. நான் அதைப் படிக்கவில்லை. அதன் பக்க ஓரங்களில் ஒட்டிக்கொண்டு தப்பித்து வந்திருந்த நகைச்சுவைப் படங்களுக்காகவே வாங்கினேன். ஒரே ஓவியர் வாரம் ஒன்றாக, ‘கி.பி. 2000-இல் நம் வீடு’ என்ற தலைப்பில் வரைந்திருந்தார். கீழே மண்புழு நெளிந்தது போல ஒரு கையெழுத்து. எத்தனை முறை பார்த்தும் என்னால் பெயரைப் படிக்க முடியவில்லை.

இயந்திரங்கள் விஷயத்தில் அவர் கோட்டைவிட்டிருந்தார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் வரைந்த எல்லாச் சாமானுக்கும் தலையில் ஏரியல் உண்டு. அம்மிக்கு ஏரியல், முறத்துக்கு ஏரியல், தொட்டிலுக்கு ஏரியல். இட்லி இயந்திரம் ஒரு ரயில் இன்ஜின் அளவு. கூரையைப் பிய்த்துக்கொண்டு புகைபோக்கி. அத்தனை நெம்புகோலையும் இழுத்த பிறகு தட்டில் ஒரே ஒரு இட்லி விழுகிறது. பக்கத்தில் அம்மாள் உட்கார்ந்து கையால் சட்னி அரைத்துக்கொண்டிருக்கிறாள்.

நகைச்சுவையிலும் பல பழசாகிவிட்டன. சமையல் செய்யும் ரோபோ பூரிக்கட்டையோடு கணவனைத் துரத்துவது போல மட்டும் மூன்று வாரம் வரைந்திருக்கிறார். வேறொன்று தோன்றாத வாரங்கள் போலிருக்கிறது. மனைவி என்றால் குண்டு, கணவன் என்றால் ஒல்லி. எந்தப் படமானாலும் அந்த ஒல்லி மனிதர் ஓரத்தில் சாய்வு நாற்காலியில் பேப்பர் விரித்து உட்கார்ந்திருப்பார். வீட்டில் இருக்கும் ஆண்பிள்ளை பேப்பர் படிப்பதைத் தவிர வேறொன்றும் செய்யமாட்டான் என்ற அந்தக் காலத்து எண்ணத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும்.

ஆனால் மனிதர்கள் விஷயத்தில் அவரை அசைக்க முடியாது. முகம் தெரியும் தொலைபேசி மணி அடிக்கிறது. அம்மாள் எடுப்பதற்கு முன்னால் துவைத்த துணிக் குவியலைக் காலால் கட்டிலடியில் தள்ளுகிறாள். வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் மகன் வீடியோவில் அழைத்தால் இந்த வீட்டில் நடப்பது இதுதான். கதவு தானாகத் திறக்கும் வீட்டில், வந்திருப்பது யார் என்று கண்ணாடித் திரையில் பார்த்துவிட்டுக் குடும்பமே விளக்கை அணைத்துவிட்டுப் பதுங்குகிறது. எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் இயக்கும் பெட்டி வந்த பிறகு, மாமியாரும் மருமகளும் ஒரே கேள்விக்காக முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள்: அந்தப் பெட்டி யாருடைய இடுப்பில் இருப்பது? எனக்கு மிகவும் பிடித்தது, ஏவல் செய்யும் ரோபோவின் இடுப்பில் அவர் செருகியிருந்த பனையோலை விசிறி. மின்சாரம் போனால் வீசுவதற்கு. ஏரியலும் விசிறியும் ஒரே உடம்பில். அம்பத்தூர்ப் பக்கம் வீடு கட்டிக் குடியிருக்கும் எவனும் இந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடுவான்.

புரியாத படம் ஒன்று இருந்தது. சக்கரம் வைத்த இரும்புப் பெட்டி ஒன்று, இரண்டு கையிலும் துடைப்பத்தோடு வாசலை நோக்கிப் போகிறது. அம்மாள் நிலைப்படியில் இரண்டு கையையும் விரித்து மறித்து நிற்கிறாள். பின்னால் மாடத்தில் விளக்கு எரிகிறது. படத்துக்குக் கீழே இருந்த வாசகத்தை, பைண்டு செய்தவர் ஓரம் வெட்டும்போது சேர்த்து வெட்டிவிட்டார். இயந்திரத்தைக் கண்டு பயப்படும் பெண் என்று நானாக முடிவு செய்து, அதையும் பழசானவற்றோடு சேர்த்துவிட்டேன். விளக்கை இடத்தை நிரப்ப வரைந்தது என்று எண்ணினேன்.

இயந்திரம் வந்து சேர்ந்தது. வட்டமாக, தட்டையாக, ஏரியல் இல்லாமல். தினமும் காலையில் நான் பொத்தானை அமுக்க, அது பெருக்கித் துடைத்தது. மனைவி கட்டிலிலிருந்தே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, “மூலையெல்லாம் விட்டுடுது. பரவாயில்ல, உங்களுக்கு இது மேல்” என்றாள். அவள் எழுந்து வரவில்லை. எனக்கு அது போதும்.

இப்படியிருக்க, காலையில் முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபிப் பெண் ஒரு வெள்ளிக்கிழமை தரையைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தாள். “சார், ஈரத் தரையில மேடத்தை எப்படி நடக்க வைக்கிறது? வழுக்கிட்டா யார் பொறுப்பு? இதைச் சாயந்திரமா விடுங்க.” நியாயம். அது தானாகவே கிளம்பும்படி கைபேசியில் நேரம் குறிக்கலாம் என்று எனக்குத் தெரியும். மாலை ஆறரை என்று குறித்தேன். இரண்டாயிரமாம் ஆண்டு கடைசியாக என் வீட்டுக்கும் வந்துவிட்டது என்ற பெருமையில், குறித்ததை மனைவியிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

அன்று மாலை முத்தாபுதுப்பேட்டையிலிருந்து மைத்துனன் வந்தான். மனைவியின் தம்பி. அவர்கள் குடும்ப நிலத்தில் பாதி மனையாகிவிட, மீதியில் கீரை போடுகிறான். தண்ணீர் லாரி ஒன்றும் ஓட்டுகிறான். அக்காவுக்காக அரைக்கீரையும் நாட்டுக்கோழி முட்டையும் கொண்டுவந்திருந்தான்.

“இன்னா மாமா, காலீல வந்த பேப்பரை இன்னும் படிச்சிகினு கீறே?”

“காலையில தலைப்புதான் பார்த்தேன்.”

சோபாவுக்கு அடியில் பார்த்தான். “இது இன்னாது, ஆமையாட்டம் குந்திகினு கீது?”

“தரை துடைக்கிற மெஷின், மச்சான். தானே பெருக்கும், தானே துடைக்கும்.”

“அப்போ நீ இன்னா பண்ணுவே?”

“மேற்பார்வை.”

மனைவி வாக்கரை ஊன்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். பூஜை அலமாரி முன்னால் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து விளக்கேற்றினாள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் வாசல் கதவை அகலத் திறந்து வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். லட்சுமி வருவதற்கு. கொரட்டூர் ஏரியின் கொசுவும் வரும். ஒருவரை மட்டும் உள்ளே விட வழியில்லை. மைத்துனன் கதவைத் திறந்தான். நான் பேப்பரைத் திருப்பினேன்.

சோபாவுக்கு அடியிலிருந்து ஒரு பெண் குரல், சுத்தம் செய்யப் போவதாக ஆங்கிலத்தில் அறிவித்தது. இயந்திரம் வெளியே வந்து, கூடத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, தூசியைத் தள்ளிக்கொண்டு நேராகத் திறந்த வாசலை நோக்கிக் கிளம்பியது.

“ஏங்க! விளக்கு வெச்சாச்சுங்க! நிறுத்துங்க அதை!”

பழக்க தோஷம், நான் செய்த முதல் காரியம் காலைத் தூக்கி அதற்கு வழிவிட்டதுதான். இரண்டாவது காரியமாகக் கைபேசியைத் தேடினேன். அது உள்ளறையில் சார்ஜில் இருந்தது. மைத்துனன் கன்றுக்குட்டியை மறிப்பது போலக் குனிந்து கையை நீட்டினான். “தே! நில்லு! நில்லுன்றேன்ல!”

“தூக்குடா அதை!” என்று தம்பியைப் பார்த்துக் கத்தினாள் மனைவி.

“ஷாக் கீக் அடிக்காது இல்ல மாமா?”

நாங்கள் இரண்டு ஆண்பிள்ளைகளும் இதை விவாதித்துக்கொண்டிருக்கும்போதே மனைவி எங்களைத் தாண்டிப் போனாள். நிலைப்படியில் நின்று இரண்டு கையையும் விரித்தாள்.

“விளக்கு வெச்ச நேரத்துல வீட்டைப் பெருக்கி யாரைடா வெளிய தள்ளப் பாக்குறே?”

நான் ‘ங்க’ போட்டுப் பழக்கியிருந்த அந்த இயந்திரம், வாழ்க்கையில் முதன்முறையாக ‘டா’ கேட்டது. அவள் கால் விரலை லேசாகத் தொட்டது, பின்வாங்கியது, திரும்பி சோபாவைப் பார்த்துப் போயிற்று. மைத்துனன் பூஜை அலமாரிப் பக்கம் கை காட்டினான்.

“அக்கா… உன் வாக்கரு இங்க கீது.”

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டாள். நாற்காலியில் உட்காரவைத்து, அப்படியே தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலில் விட்டோம். கொஞ்ச நேரத்தில் முழங்கால் வீங்கத் தொடங்கியது. ஐஸ் வைத்தோம். அவள் வலிக்கிறது என்று சொல்லவில்லை. “ஜூன்ல போக முடியாதா?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் டாக்டர் காலை மடக்கியும் நீட்டியும் அழுத்தியும் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். “தையல் நிக்குது” என்றார் கடைசியில். “வீக்கம் வடிஞ்சிடும். ஆனா யாரு இவங்களை ஓட வெச்சது?”

இயந்திரம் என்றேன். விளக்கினேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

“வெள்ளிக்கிழமையா? விளக்கு வெச்சப்புறமா விட்டீங்க?”

ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு மாத்திரை எழுதினார். எலும்பு, ஜவ்வு எல்லாம் படித்த மனிதர். அவருக்கும் அதுதான் முதல் குற்றமாகப் பட்டது.

வீட்டுக்கு வந்ததும் பைண்டு புத்தகத்தை எடுத்தேன். அந்தப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வெட்டுப்பட்டுப் போன வாசகம் என் வீட்டு வாசலிலேயே எனக்குக் கேட்டுவிட்டது. அந்தப் பெண் இயந்திரத்துக்குப் பயப்படவில்லை, அதைக் கண்டித்துக்கொண்டிருந்தாள். விளக்கு இடத்தை நிரப்ப வந்ததல்ல, அந்த விளக்குதான் நகைச்சுவையே. விளக்கு வைத்த பிறகு வீடு பெருக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். துடைப்பத்தைத் தொடாதவனுக்கு அந்த விதி நினைவில் இருக்கவேண்டிய அவசியம் வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த மண்புழுக் கையெழுத்துக்காரருக்கு நினைவிருந்தது. ஏரியலைத் தவறாக வரைந்தவர், எத்தனை இயந்திரம் வந்தாலும் விளக்கு வைக்கும் நேரம் இந்த ஊரில் மாறாது என்பதைச் சரியாக வரைந்துவிட்டார். எதிர்காலம் என்பது புதுச் சாமான்கள் பழைய வீட்டுக்குள் நுழைந்து திட்டு வாங்குவதுதான் என்று புரிந்துவைத்திருந்தவரை, பழசு என்று ஒதுக்கிய என் மூளையை என்ன சொல்ல?

இதை உடனே மனைவியிடம் காட்டவில்லை. வீக்கம் வடியும்வரை நகைச்சுவையைப் பற்றிப் பேச எனக்குத் துணிச்சல் இல்லை. வீக்கம் வடிந்தது. வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. பள்ளி திறந்த அன்று ஆட்டோவில் கூடவே போனேன். வாசலில் இறங்கியதும் தடியை என் கையில் கொடுத்துவிட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு, மெதுவாக, யாரையும் பிடிக்காமல் உள்ளே நடந்தாள். அவள் வராந்தா திரும்பும்வரை நான் வாசலிலேயே நின்றேன். காவலாளி என் கையிலிருந்த தடியைப் பார்த்து, “கால்ல அடியா சார்?” என்று ஆட்டோ வரை என்னைக் கைபிடித்து அழைத்துவந்தார்.

அன்று மாலை, காபிக்குப் பிறகு, புத்தகத்தைக் கொண்டுபோய் அவள் மடியில் விரித்தேன். விளக்கை, துடைப்பத்தை, விரித்த கையை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டினேன். இது தீர்க்கதரிசனம், இந்த மனிதருக்குச் சிலை வைக்க வேண்டும் என்றேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விடைத்தாள் திருத்துவது போலப் படத்தை நிதானமாகப் பார்த்தாள்.

“மெஷின் இப்படி இல்ல. விளக்கு இப்படி இல்ல. நானும் இவ்ளோ குண்டு இல்ல” என்றாள். “காலைத் தூக்கிட்டுப் பேப்பர் படிக்கிறான் பாருங்க ஓரத்துல, அந்த ஆளை மட்டும் அப்படியே வரைஞ்சிருக்காரு.”