தேங்காய்ப்பட்டணத்தில் கொடுத்த சம்மதம்

காலையில் நாகர்கோவிலில் ரயிலைவிட்டு இறங்கி, பேருந்து பிடித்துப் புதுக்கடை சேர்ந்தபோது பத்தரை மணி. சந்திப்பில் லதா குடையோடு நின்றாள். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. வளைகுடா வேலையை விட்டு வந்த அவள் கணவர் ராஜன், சில மாதங்களாக ஆற்றங்கரை ஆசிரமம் ஒன்றில் இருக்கிறார். துறவு வேண்டுமாம். மனைவி மனதார விடை தராமல் காவி தருவதில்லை என்று அங்குள்ள சாமி சொல்லிவிட்டார். தனியாகப் போகத் தயங்கி லதா என்னை அழைத்திருந்தாள்.

ஆசிரமம் தேங்காய்ப்பட்டணம் சாலையில் ஆறேழு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய். தென்னைகளுக்கு நடுவே பெரிய புது வீடுகள், பூட்டிய கேட்டுகள்.

"என்ன சொல்லப் போறே?" என்றேன்.

"தெரியல்ல மக்கா."

ஓடு வேய்ந்த கூடத்துக்கு ராஜன் வெள்ளை வேட்டியில் வந்தார். எங்கே உட்காருவதென்று தெரியாமல் நின்றார்.

"இல்லறத்துல இருந்தும் மோட்சம் உண்டுன்னு இவருக்குச் சொல்லிப் பார்த்தேன். இனி உங்க வாக்குதான்" என்றார் சாமி.

துறவு கொள்பவர் தனக்குத்தானே பிண்டம் வைத்துவிட வேண்டும். லதா அதைத்தான் கேட்டாள். "இவரு செத்தவருக்குச் சமம்னா நான் யாரு சாமி? தாலிய என்ன செய்யணும்?"

சாமி ராஜனைப் பார்த்தார்.

லதா கணவர் பக்கம் திரும்பினாள். "இத்தனை வருசம் கடலுக்கு அங்க இருந்திய. வந்த பொறவும் எனக்க கூட இருக்கல்ல. போங்க. மனசாரத்தான் சொல்லுதேன்."

ராஜன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். "நீ தடுப்பேன்னு நெனச்சேன் லதா."

"தடுப்பாங்கன்னு காத்திருந்தவருக்கு இப்போ காவி கிடையாது" என்றார் சாமி.

"வீடு தொறந்துதான் கெடக்கு. வரணும்னா வாங்க. நான் சொன்னது சொன்னதுதான்" என்று லதா எழுந்தாள்.

திரும்பும்போது பக்கத்து மீன்பிடித் துறைமுகத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி மீன் வாங்கினாள். கணவர் ஆசிரமத்தில் விரதம் தொடங்கியதிலிருந்து அவளும் மீனைத் தொடவில்லையாம். அன்று அவள் வீட்டில், மரச்சினி என்று அவர்கள் சொல்லும் மரவள்ளிக் கிழங்கோடு அந்த மீன்கறியை இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டோம்.

மறுநாள் நான் கிளம்பும்வரை ராஜன் வரவில்லை. லதா வாசலைப் பார்க்கவும் இல்லை. திருச்சியில் என் கணவர் வரக் கொஞ்சம் தாமதமானாலும் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருப்பேன். ரயிலில் வழியெல்லாம் அந்த நடையைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.