லேமினேஷன் போட்ட ஈ.சி.ஜி.

இன்று ஈஜிபுராவில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். நான் சொல்லச் சொல்ல மகள் டைப் செய்கிறாள்.

என் வீட்டுக்காரர் வைரஸ் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எடுத்த ஈ.சி.ஜி. காகிதம் என்னிடம் இருந்தது.

"காய்ச்சல் இதயத்தைத் தொட்டுடுச்சும்மா. துடிப்பு தப்பித் தப்பி வருது பாருங்க" என்று டாக்டர் அதில்தான் விரல் வைத்துக் காட்டினார். மறுநாள் என் வீட்டுக்காரர் இல்லை.

கோடு மங்கிக்கொண்டே வந்தது. அதனால் லேமினேஷன் போடக் கொடுத்தேன்.

சூடான மெஷினுக்குள் வெள்ளையாகப் போன காகிதம், மறுபக்கம் கன்னங்கரேலென்று வந்தது. வெளியே மிச்சமிருந்த துடிப்புகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

"நிறுத்துப்பா!"

"நிக்காதுக்கா, இழுத்துடுச்சு. ஐயோ, இது சூடு பட்டா கறுக்கிற பேப்பரு! முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"எனக்கென்னப்பா தெரியும்? அது அவரு நெஞ்சு."

கடைக்காரர் சட்டென்று அதிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

கோடு ஒன்றுகூடத் தெரியவில்லை. ஆனாலும் தடவிப் பார்த்தால், துடிப்பு எந்த இடத்தில் தப்பியது என்று என் விரலுக்குத் தெரிகிறது.

தூக்கிப் போடு என்கிறாள் மகள், டைப் செய்துகொண்டே. எப்படிப் போடுவது? இனி அது நனையாது, கிழியாது.

நீங்களாக இருந்தால் எங்கே வைப்பீர்கள்?